அப்பா கையில் ரிமோட்

1. ஆடித் தள்ளுபடி முடிந்த வாரத்தில் ஒரு காலை, அப்பா குளியலறை வாசலில் சாய்ந்தார். வலது கையும் வலது காலும் செயலிழந்தன. பேச்சு போயிற்று.

2. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "அதான்."

3. அலுவலகத்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்து, அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினேன். தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து ஒரு நிரல் எழுதினேன். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து ஒளிரும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அது கீழே இறங்கி வரிசையில் உட்காரும்.

4. மவுஸைப் பிரித்து, அதன் பொத்தானிலிருந்து கட்டில்வரை கம்பி இழுத்தேன். அப்பாவைக் குளிப்பாட்டப் புரட்டியபோது கம்பி அறுந்தது. ஒட்டவைத்தேன். மறுபடியும் அறுந்தது.

5. கம்பியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பழைய டிவி ரிமோட் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் ஒளியை வாங்கும் ரிசீவர் ஒன்றை நானே பற்றவைத்து, கம்ப்யூட்டரின் பின்னால், வெளிச் சாதனங்களை இணைக்கும் இரண்டாவது சீரியல் போர்ட்டில் செருகினேன்.

6. அப்படி ஒரு பொருள் தன்னிடம் செருகப்பட்டிருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

மழைக்காலம் முழுவதையும் நான் இந்த ஆறாவதில்தான் கழித்தேன்.

அப்பா தி. நகரில் ஒரு புடவைக் கடையில் டெலிவரி கவுன்டரில் இருந்தவர். பில்லையும் புடவையையும் சரிபார்த்து, பையில் போட்டு, வாடிக்கையாளர் கையில் கொடுப்பது அவர் வேலை. கடை அடைத்து வீட்டுக்கு வந்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பார். எந்தக் குடும்பம் முகூர்த்தப் புடவைக்கு மூன்று தரம் வந்தது, எந்த மாமியார் பார்டரைப் பார்த்து முகம் சுளித்தார் என்று நடித்துக் காட்டுவார். அந்த வாயில் இப்போது "அதான்" மட்டும்.

அந்த ஒரு சொல்லை அவர் எல்லாவிதமாகவும் சொன்னார். கேள்வியாக, கோபமாக, கெஞ்சலாக. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று தலையாட்டியபடி "அதான்" என்பார். சாயங்காலங்களில் அது வேறு மாதிரி வரும். நான் கிண்டி அலுவலகத்திலிருந்து பஸ் பிடித்து மந்தைவெளி வீட்டுக்குள் நுழைந்ததும், இடது கையைத் தூக்கி என்னைக் கூப்பிடுவார். பக்கத்தில் உட்காருவேன். "அதான்… அதான்…" என்பார். நெற்றி சுருங்கும். ஏதோ ஒன்று வந்து நின்று, வாசலைத் தாண்டாமல் திரும்பிப் போவதுபோல முகம் மாறும். பிறகு கண் கலங்கும்.

ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தோம். என் கல்யாணத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்றார் அசோக் நகர் மாமா. கடையில் யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டு வந்திருக்கிறார், அதை முடிக்கச் சொல்கிறார் என்றாள் அம்மா. எனக்கு விளக்கம் எதுவும் இல்லை. உள்ளே ஒரு வாக்கியம் முழுதாக இருக்கிறது, வெளியே வர வழியில்லை, அவ்வளவுதான் என்று நம்பினேன். அந்த வாக்கியம் எனக்கு வேண்டும். அதைச் சொல்லாமலே அப்பா போய்விடக் கூடாது. வேறு எதற்காகவும் நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வரவில்லை.

ரிசீவர் எளிமையானது. மூன்று கால் உள்ள ஒரு கறுப்புத் துண்டுதான் கண். அதற்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்க இன்னொரு துண்டு, ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர். எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைத்தன. கடைக்காரர் பொருள்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "டிவி ரிப்பேரா மேடம்? உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், செட்டை இங்க அனுப்பிடுங்க" என்றார். டிவி இல்லை என்றேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு காலை அதைச் செருகி, அதை இயக்கும் நிரலான டிரைவரை ஏற்றச் சொன்னேன். சாதனம் கிடைக்கவில்லை அல்லது வேறு வேலையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. லினக்ஸ் பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். நான் எதைக் கேட்க மறந்தேன் என்று சொல்லாது. அலுவலகத்தில் இது எனக்குப் பிடித்த குணம். வீட்டில், அப்பா என் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது, பிடிக்கவில்லை.

என் வழக்கப்படி, சந்தேகங்களை வரிசையாக எடுத்துக்கொண்டேன். போர்ட் உயிரோடு இருக்கிறதா? மறுபடி மூட்டியிருந்த மவுஸை முதல் போர்ட்டிலிருந்து பிடுங்கி இரண்டாவதில் மாட்டி, திரையில் அம்புக்குறி நகர்கிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. அப்படியானால் ரிசீவர் குற்றவாளி இல்லை, குறைந்தபட்சம் அது மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் கிளம்பும்போதே அதன் அடிப்படை அமைப்புக்குள் நுழைந்து பார்த்தேன். இரண்டாவது போர்ட் இயங்கும் நிலையில்தான் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே, அலுவலகக் காலத்தில் தொலைபேசி வழி இணையத்துக்குப் பயன்பட்ட மோடம் கார்டு ஒன்று தூசியோடு உட்கார்ந்திருந்தது. அதுவும் தன்னை இரண்டாவது போர்ட் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே முகவரியில் இரண்டு பேர். கார்டைக் கழற்றி வைத்தேன். அம்புக்குறி அசைந்தது. ரிசீவரைச் செருகினேன். அதே வரி.

காலையில் அப்பாவைக் குளிப்பாட்ட ஒருவர் வருவார். பக்கத்துத் தெருக்காரர், ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர். நான் திறந்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"இன்னா பாப்பா, இன்னும் பேச மாட்டேங்குதா உன் மெஷினு?"

"இல்லண்ணே."

"இன்னா நைனா, பாத்தியா? உன் வூட்ல ரெண்டு பேரு வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. நீ ஒண்ணு, அந்தப் பொட்டி ஒண்ணு."

அப்பா சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிற்று. "அதான்" என்றார்.

"அதான? கரீட்டாச் சொன்ன. திரும்பு, முதுகு தேய்க்கணும்."

அந்த வீட்டில் அப்பாவிடம் பதிலை எதிர்பார்க்காமல் பேசியவர் அவர் ஒருவர்தான். அம்மாவும் நானும் ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்தோம். அதனால் ஒவ்வொரு முறையும் சோர்ந்தோம்.

காரணம் பிறகு கிடைத்தது. லினக்ஸ் கிளம்பியவுடனே தன்னிடமுள்ள எல்லா சீரியல் போர்ட்டுகளையும் தன் பொது டிரைவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. அது பிடித்துவைத்திருக்கும்வரை என் ரிசீவரின் டிரைவருக்கு அந்தப் போர்ட் கிடைக்காது. முதலில் பொது டிரைவரிடம் "இதை விடு" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் மற்றதை ஏற்ற வேண்டும். ஒரு வரிக் கட்டளை. அலுவலகத்திலிருந்து லினக்ஸ் பயனர் குழு ஒன்றுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேட்டதற்கு, முகம் தெரியாத ஒருவர் சொன்னது. போட்டேன். டிரைவர் மறுப்பில்லாமல் ஏறியது.

ரிமோட்டை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. இம்முறை உண்மையிலேயே ரிசீவர்தான். டயோடைத் தலைகீழாகப் பற்றவைத்திருந்தேன். திருப்பிப் போட்டேன். அழுத்தினேன். திரையில் எண்கள் ஓடின. விட்டேன், நின்றன. அழுத்தினேன், ஓடின. அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.  "கண்டுபிடிச்சிடுச்சும்மா" என்றேன்.

"உங்கப்பா பேசிடுவாரா?"

"எழுதுவார்."

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கட்டில் பக்கம் போய், "என்னங்க, உங்க பொண்ணு செஞ்சுட்டா" என்றாள்.

அன்று அப்பாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். ரிமோட்டை அவருடைய இடது கையில் வைத்து, கட்டைவிரலைப் பொத்தான்மேல் இருத்தி, என் விரலால் அதை அழுத்தினேன். ஓர் எழுத்து கீழே இறங்கியது. அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். களைத்துப்போய்க் கண்ணை மூடினார். நாளை முதல் அம்மா பகலில் பழக்கட்டும், நான் மாலையில் வந்து பார்க்கிறேன் என்று ஏற்பாடு.

மாலைகளில் வந்து பார்த்தேன். திரையின் கீழ் வரிசை காலியாகவே இருந்தது. அப்பா இன்று அழுத்தினாரா என்று கேட்டால், "அழுத்திக்கிட்டேதான் இருந்தாரு, உன் பொட்டிதான் எடுத்துக்கல" என்றாள் அம்மா. நான் மறுபடியும் பெட்டியைத் திறந்தேன். டியூப்லைட்டின் மினுக்கம் ரிசீவரைக் குழப்பலாம் என்று படித்திருந்தேன். டியூப்லைட்டை அணைத்துவிட்டு குண்டு பல்பு போட்டேன். ரிசீவரை மேசையிலிருந்து அலமாரி மேல் ஏற்றி, கட்டிலுக்கு நேராகத் திருப்பினேன். ரிமோட்டுக்குப் புது பேட்டரி. நான் அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கொண்டது. மறுநாள் மாலை கீழ் வரிசை மறுபடியும் காலி. ஒரு சாதனம் சோதிக்கும்போது வேலை செய்து, தேவைப்படும்போது செய்யாமல் இருந்தால் அதைவிடக் கொடுமை இல்லை. 

ஒரு நாள் பெருமழை. கிண்டியில் முழங்கால் அளவு தண்ணீர். மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். நனைந்து வீட்டுக்குள் வந்தபோது அம்மா எனக்கு முதுகு காட்டி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள். மடங்கிக் கிடந்த அந்த விரல்களுக்குள் ரிமோட்டைச் செருகி, நழுவாமல் இருக்க ஒரு பழைய ரவிக்கைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"அழுத்துங்க. எழுத்து வந்துடுச்சு பாருங்க. அழுத்துங்க."

அப்பாவின் தோள் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல் அசையவில்லை.

"அம்மா."

திரும்பினாள். மறைக்க முயலவில்லை.

"ஏம்மா அந்தக் கையில? நான் இடது கையிலதான வெச்சேன்."

"இடது கையால எழுதுவாங்களாடி? கடையில புதுசா வந்த பையன் இடது கையால பையை நீட்டினான்னு உங்கப்பா ரெண்டு நாள் வீட்ல வந்து புலம்பினாரு. ஞாபகம் இருக்கா? அவரையே போய் இடது கையால முதல் எழுத்தை எழுதச் சொல்றியா?"

"எழுதறது இல்லம்மா இது. பொத்தான் அழுத்தறது."

"எழுத்துதானே வருது?"

நான் ஈரத்தோடு நின்றேன். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்க வர்றவரு என்ன சொன்னாரு? வலது கைக்கு வேலை குடுத்துக்கிட்டே இருங்கன்னாரு. இடது கையே எல்லாத்தையும் பாத்துக்கிட்டா இந்தக் கை எதுக்குத் திரும்பி வரும்? சொல்லு. அது வராது. நீயே வேணாம்னு சொல்லிட்டா அது வராது."

எனக்குப் பதில் தெரியும். நரம்புகளைப் பற்றி, மூளையைப் பற்றி, இந்த மாதங்களில் நான் படித்ததெல்லாம் இருந்தது.  துணியை அவிழ்த்தேன். ரிமோட்டை எடுத்து இடது கையில் வைத்தேன். அம்மா தடுக்கவில்லை. எழுந்து போய், கொல்லைக் கதவருகே நின்று மழையைப் பார்த்தாள். ரிமோட்டை நான் இடம் மாற்றிய அந்த நொடியில், வலது கை திரும்பாது என்று அந்த வீட்டில் முதல்முறையாக ஒருவர் சொன்னதாக ஆயிற்று. வாயால் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அப்பா அழுத்தினார். அவராகவே, இடது கட்டைவிரலால். ஓர் எழுத்து கீழே இறங்கியது.

அடுத்து வந்த மாலைகளில் கீழ் வரிசை காலியாக இல்லை. நிறைந்திருந்தது. ங, ஞ, ங, ஔ, ப, ப, ப, ழ. எந்த எழுத்து ஒளிர்ந்தாலும் அப்பா அழுத்தினார். சில சமயம் நெடுநேரம் காத்திருந்து, நிச்சயத்தோடு அழுத்துவதுபோல அழுத்தினார். அது ஞ ஆக இருக்கும். முதலில் வேகம்தான் கோளாறு என்று நினைத்து எழுத்துகள் ஒளிரும் நேரத்தைக் கூட்டினேன். பிறகு எழுத்துகளைப் பெரிதாக வரைந்தேன். பிறகு எழுத்துகளைக் குறைத்தேன். எதைச் செய்தாலும் அப்பா நான் செய்ததைப் பார்த்து ஆமோதிப்பதுபோலத் தலையாட்டினார், அழுத்தினார், எதுவும் ஒரு சொல்லாக ஆகவில்லை. "அப்பா, உங்க பேரை எழுதுங்க" என்றேன். ஆர்வமாகத் தலையாட்டினார். ங என்று இறங்கியது.

அம்மா கேட்டாள். "என்ன எழுதியிருக்காரு?"

"இன்னும் பழகணும்மா."

அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள். பப்ப என்பதில் ஏதாவது இருக்குமா, பாப்பா என்று உன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்றாள். நானும் அதை நினைக்காமல் இல்லை. மறுநாள் அந்த இடத்தில் ழழங என்று இருந்தது.

மழை விட்டபிறகு ஒரு கார் பிடித்து, அப்பாவை அடையாறில் இருந்த ஒரு பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் கூட்டிப்போனோம். என்னைவிடச் சில வயது மூத்த பெண். அவசரப்படாமல் பேசினார். மேசைமேல் சீப்பு, தம்ளர், சாவி என்று சில பொருள்களைப் பரப்பி, "ஐயா, சாவி எது?" என்றார். அப்பா சீப்பைத் தொட்டார். "தண்ணி குடிக்கிறது எது?" சாவியைத் தொட்டார். மூன்று சீட்டுகளில் மூன்று பெயர்களை எழுதி, ஒன்று அப்பாவுடையது, எது என்று கேட்டார். அப்பா மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, மரியாதையாக, "அதான்" என்றார்.

நான் என் எழுத்துப் பலகையைப் பற்றிச் சொன்னேன். ரிசீவர், ரிமோட், இடது கை எல்லாவற்றையும். கவனமாகக் கேட்டார்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. வாய் மட்டும் வராதவங்களுக்கு இது ரொம்ப உதவும்." பெயர்ச் சீட்டுகளை அடுக்கி வைத்தார். "இவருக்கு அடிபட்டிருக்கிறது வாய் இல்லம்மா. மொழி. பேசறது, படிக்கிறது, எழுதறது, அடுத்தவங்க சொல்றதைப் புரிஞ்சுக்கிறது, எல்லாமே அதுலதான் வருது. எழுத்து அவருக்கு இப்ப வெறும் கோடு."

"ஆனா நாங்க பேசினா தலையாட்டறார். சிரிக்கிறார்."

"குரலை வெச்சு, முகத்தை வெச்சுப் புரிஞ்சுக்குவாங்க. அது போகல. அதனாலதான் வீட்ல எல்லாருக்கும், உள்ள முழுசா இருக்காருன்னு தோணும்."

"அப்ப, அதான்னு சொல்றது? சாயங்காலம் ஆனா ஏதோ சொல்ல வர்றார். தினமும்."

"அது தானா வர்ற சொல். அதுக்குப் பின்னால ஏதாவது இருக்கலாம். இருந்தா அது என்னன்னு அவருக்கே பிடிபடாம இருக்கலாம்."

"திரும்ப வருமா?"

"கொஞ்சம் வரலாம். எவ்வளவுன்னு நான் சொல்ல மாட்டேன்."

காரில் திரும்பினோம். அம்மா பின் சீட்டில் அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடையாறு பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அப்பா ஜன்னல் வழியாகக் கழிமுகத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து, இத்தனை வாரமும் எதைச் சரிசெய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். மோடம் கார்டு, டிரைவர், டயோடு, டியூப்லைட், கை. ஒவ்வொன்றும் உண்மையான கோளாறு. ஒவ்வொன்றையும் தீர்த்தேன். ஒன்று தீர்ந்ததும் அடுத்தது இருந்தது, அதனால் மறுநாளை எதிர்பார்க்கவும் ஒரு காரணம் இருந்தது. இனித் திறந்து பார்க்க எதுவும் இல்லை என்பதை நான் அந்தப் பாலத்தின் மேல் புரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அதை அழுத்தினா ஏதோ வருதேன்னு அவருக்கு ஒரு இது. இருக்கட்டும்."

இப்போதைய நிலை இது. கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ரிசீவரைக் கண்டுகொள்கிறது. அதற்கான கட்டளைகளைத் தொடக்கக் கோப்பிலேயே எழுதி வைத்துவிட்டேன், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ரிமோட் அப்பாவின் இடது கையில் இருக்கிறது. வாரம் இருமுறை அடையாறுக்குப் போகிறோம். சீப்பையும் தம்ளரையும் சில நாள்கள் சரியாகத் தொடுகிறார், சில நாள்கள் இல்லை. சாயங்காலம் நான் வந்ததும் என்னைக் கூப்பிடுகிறார், பக்கத்தில் உட்காருகிறேன். அவர் சொல்ல வருவது என்னவென்று எங்களுக்குத் தெரியாது.